பாய்மர உச்சியா, பின்புறக் கம்பியா? கப்பலில் ஒரு கருவிக்கு இடம் தேடிய கதை

ரொறன்ரோவில் வாழும் என் பள்ளித் தோழர் ஒருவர் ஒன்ராறியோ வாவியில் ஓட்டுவதற்கென்று பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கினார். வடமராட்சிக் கரையில் பிறந்தவர். முப்பது ஆண்டுகளைத் தொழிற்சாலையில் கழித்தபின் அவருக்குத் தண்ணீர் ஆசை திரும்பியதில் வியப்பில்லை. படகுடன் வந்த ஜி.பி.எஸ். கருவி நல்ல நிலையில் இருந்தது. அதன் அன்ரனா மட்டும் உடைந்திருந்தது. புதிதாக வாங்கிய அன்ரனா ஒரு வெள்ளைக் காளானின் அளவுதான். அதை எங்கே பூட்டுவது என்பதே சிக்கல். பாய்மரத்தின் உச்சியில் பூட்டு என்றார் கடைக்காரர். உச்சியில் மட்டும் வேண்டாம், படகின் பின்புறக் கம்பிவேலியில் பூட்டு என்றார் அடுத்த படகுக்காரர். எனக்கு நள்ளிரவான ஒரு நேரத்தில் நண்பர் தொலைபேசியில் அழைத்து, "நீர் பேப்பர்க்காரர்தானே, எங்கையாவது தேடிப் பாத்துச் சொல்லுமன்" என்றார்.

படகோட்டத் தெரியாதவனிடம் கேட்கும் கேள்வியா இது என்றுதான் முதலில் நினைத்தேன். தேடத் தொடங்கியபின் நூலகத்தை விட்டு எழ மனம் வரவில்லை. கப்பலில் வழிகாட்டும் கருவியை எந்த இடத்தில் வைப்பது என்ற வழக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னர் அந்த வழக்கில் கட்சிக்காரராக நின்றது திசைகாட்டி. வானியல் அறிஞர்களும் திமிங்கில வேட்டைக்காரரும் அதில் வாதாடியிருக்கிறார்கள். தீர்ப்பு வருமுன்னர் நூற்றுக்கணக்கானோர் கடலில் மாண்டுமிருக்கிறார்கள்.

முதல் ஆவணங்களுள் ஒன்று 1749ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டோவர் என்ற வணிகக் கப்பலை அவ்வாண்டு சனவரியில் இடி தாக்கியது. அதன்பின் அக்கப்பலின் திசைகாட்டி வடக்கைத் தெற்கென்று காட்டத் தொடங்கியது. இலண்டனில் காந்தவியல் வல்லுநராக அறியப்பட்ட கோவின் நைட் அக்கருவியை வாங்கிப் பரிசோதித்தார். இடி ஊசியின் காந்தத்தைப் புரட்டிவிட்டது என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் நைட் கண்ட இன்னொரு விடயமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. திசைகாட்டி வைக்கப்பட்டிருந்த மரப்பெட்டி இரும்பு ஆணிகளால் அறையப்பட்டிருந்தது. இடி விழாத நாளிலும் அந்த ஆணிகள் ஊசியை இழுத்துக்கொண்டுதான் இருந்தன. அக்காலக் கப்பல்களில் சுக்கானுக்கு முன்னால் ஒரு மரப்பேழையில் இரு திசைகாட்டிகளை அருகருகே வைப்பது வழக்கம். நடுவில் ஒரு விளக்கு. சுக்கானுக்கு எப்பக்கம் நின்றாலும் ஒன்றைப் பார்க்கலாம் என்பது நோக்கம். இரண்டு காந்தங்களை அருகருகே வைத்தால் ஒன்றையொன்று இழுக்கும் என்பதைத் தச்சர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலும்.

இவ்வழக்கை ஒழுங்காக விசாரித்த முதல் மனிதர் மத்தியூ பிளிண்டர்ஸ். 1801 முதல் 1803 வரை இன்வெஸ்டிகேட்டர் என்ற பாய்க்கப்பலில் அவுஸ்திரேலியக் கரையோரத்தை அளந்தவர். அளவையாளருக்குத் திசைகாட்டிதான் உயிர். கரையிலுள்ள ஒரு முனையைக் கப்பலிலிருந்து குறித்துக்கொண்டு, கப்பல் வேறு திசைக்குத் திரும்பியபின் மீண்டும் குறித்தால் கணக்கு ஒத்துவரவில்லை. கருவியைக் கப்பலின் வேறோரிடத்துக்கு மாற்றினால் விடை மறுபடியும் மாறியது. அவருக்கு முன்பும் மாலுமிகள் இதைக் கண்டிருக்கிறார்கள். கருவி மோசம் என்று திட்டிவிட்டு விட்டிருக்கிறார்கள். பிளிண்டர்ஸ் திட்டவில்லை, எழுதி வைத்தார். கப்பல் கிழக்கையோ மேற்கையோ நோக்கும்போது பிழை உச்சமாகவும், வடக்கையோ தெற்கையோ நோக்கும்போது ஏறத்தாழ இல்லாமலும் இருப்பதைக் கண்டார். உலகின் வடபாதியில் ஒரு பக்கமாகச் சாயும் பிழை தென்பாதியில் மறுபக்கமாகச் சாய்வதையும் கண்டார். கப்பலிலுள்ள இரும்பைப் பூமி காந்தமாக்குகிறது; அந்த இரும்பு ஊசியை இழுக்கிறது. அவர் செய்த முடிவு எளிமையானது: எல்லாக் குறிப்புகளும் ஒரே திசைகாட்டியிலிருந்து, கப்பலின் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும். பிழை இருக்கட்டும், ஆனால் அது அளந்தறிந்த பிழையாக இருக்கட்டும் என்பது அதன் பொருள்.

ஊர் திரும்பும் வழியில் மொரீசியஸ் தீவில் பிரெஞ்சுக்காரர் அவரைப் பிடித்து 1803 இறுதி முதல் 1810 வரை தடுத்து வைத்தனர். இந்த ஆய்வுக் கட்டுரை அவர் சிறையிருந்தபோது, 1805இல், இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. தமது பெருநூல் வெளிவந்த மறுநாள், 1814 யூலை 19இல், நாற்பது வயதில் இறந்தார். இலண்டன் யூஸ்ரன் நிலையத்தருகே இருந்த இடுகாட்டில் அடையாளம் தெரியாமற் போயிருந்த அவருடைய எச்சங்கள் 2019 சனவரியில் ரயில் பாதை வேலையின்போது கண்டெடுக்கப்பட்டு, 2024இல் அவருடைய சொந்த ஊரான டொனிங்டனில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. திசைகாட்டியின் முன்னால் நிறுத்தப்படும் இரும்புத் தண்டுக்கு இன்றும் பிளிண்டர்ஸ் தண்டு என்றே பெயர்.

அவர் காலத்துக் கப்பல்கள் மரத்தாலானவை. ஆணியும் நங்கூரமும் பீரங்கியுமே இரும்பு. கப்பலே இரும்பானால் என்ன ஆகும்? 1830களில் அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டி வந்தது. 1838இல் ரெயின்போ என்ற இரும்பு நீராவிக் கப்பலை டெப்ட்போர்ட் துறையில் நிறுத்தி, கிறீனிச் வானிலையத்தின் தலைவரான ஜோர்ஜ் எயரி சோதனை நடத்தினார். கப்பலின் நான்கு இடங்களில் திசைகாட்டியை வைத்து, கப்பலைச் சுற்றுமுற்றும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடத்துக்கு இடம் பிழை வேறு. எயரி கணக்கில் வல்லவர். கப்பலின் காந்தத்தை அளந்து, அதற்கு எதிராகத் திசைகாட்டியின் அருகே சில காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் வைத்தால் பிழை ஒழிந்துவிடும் என்று காட்டினார். அதே ஆண்டில் லிவர்பூல் துறையில் அயன்சைட்ஸ் என்ற இரும்புப் பாய்க்கப்பலின் திசைகாட்டியையும் அவ்வாறே சரிசெய்தார். கப்பல் உரிமையாளர்களுக்குப் பெரு மகிழ்ச்சி. கருவியை வசதியான இடத்தில் வைத்துக்கொள்ளலாம், காந்தம் வைத்துத் திருத்திக்கொள்ளலாம். அலுவல் முடிந்தது.

முடியவில்லை.

1854 சனவரி 19ஆம் திகதி டெய்லர் என்ற புத்தம்புதிய இரும்புப் பாய்க்கப்பல் லிவர்பூலிலிருந்து மெல்பேணுக்குப் புறப்பட்டது. தங்கம் தேடிச் செல்லும் குடும்பங்கள், குடியேறச் செல்லும் ஏழைகள் என 650க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். முதற் பயணம். திசைகாட்டிகள் துறைமுகத்தில் எயரியின் முறைப்படி திருத்தப்பட்டிருந்தன. கடலுக்கு வந்ததும் அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எது சரி என்று தெரியாத நிலையில், தெற்கே ஐரிஷ் கடலில் இறங்குவதாக எண்ணிய கப்பல் உண்மையில் மேற்கே அயர்லாந்தை நோக்கி ஓடியது. 21ஆம் திகதி, டப்ளினுக்கு அருகேயுள்ள லம்பே தீவின் பாறையில் மோதியது. 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கப்பலில் இருந்த பெண்களுள் உயிர் தப்பியவர்கள் மூவர் மட்டுமே. கப்பல் கரைக்கு எவ்வளவு அருகே கிடந்ததென்றால், ஆண்கள் சிலர் பாறைக்குத் தாவித் தப்பினர். நனைந்த நீண்ட பாவாடைகளோடும் கைக்குழந்தைகளோடும் பெண்கள் எப்படித் தாவுவது? கப்பல் விபத்துகளைப் பற்றி எத்தனையோ செய்திகள் எழுதியிருக்கிறேன். இந்த விபத்தின் கணக்கைப் படித்த அன்று வேறெதுவும் வாசிக்க முடியவில்லை.

இவ்விடத்தில் வில்லியம் ஸ்கோர்ஸ்பி வருகிறார். திமிங்கில வேட்டைக் கப்பற் தலைவரின் மகன். தாமும் வட துருவக் கடல்களில் கப்பல் நடத்தியவர். பின்னர் பாதிரியாரானவர். காந்தவியலும் கற்றவர். அவ்வாண்டு செப்டெம்பரில் லிவர்பூலில் கூடிய பிரித்தானிய அறிவியல் சங்கத்தின் முன் அவர் டெய்லர் விபத்தை எடுத்துப் பேசினார். அவரது வாதம் இது: இரும்புக் கப்பலைக் கட்டும்போது பல்லாயிரம் முறை சம்மட்டியால் அடிக்கிறார்கள். அப்போது கப்பல் எத்திசை நோக்கிக் கிடக்கிறதோ அதற்கேற்பக் காந்தம் அதன் உடலில் ஏறிவிடுகிறது. கடலுக்குப் போனபின் அலைகள் அடிக்கின்றன. அந்த அடியில் ஏறிய காந்தம் மாறிவிடுகிறது. ஆனால் எயரி வைத்த திருத்தக் காந்தங்கள் மாறுவதில்லை. துறைமுகத்தில் பிழையைத் தீர்த்த அதே காந்தங்கள் கடலில் பிழையை உண்டாக்குகின்றன. ஆகவே திருத்துவதை நம்பாதீர்கள், கருவியை இரும்பிலிருந்து தூரமாகக் கொண்டுபோங்கள். எங்கே? பாய்மரத்தின் உச்சிக்கு.

எயரிக்கு இது பிடிக்கவில்லை. அரச வானியலாளர் ஒருபக்கம், கடலோடிப் பாதிரியார் மறுபக்கம். இலண்டன் அதீனியம் வார இதழில் இருவரும் மாறிமாறி எழுதினர். நம் இதழ்களில் நடக்கும் இலக்கியச் சண்டைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் தொனி அந்நியமாக இராது. ஸ்கோர்ஸ்பி எழுத்தோடு நிற்கவில்லை. 1856இல் றோயல் சார்ட்டர் என்ற இரும்புக் கப்பலில், அறுபத்தாறு வயதில், மனைவியுடன் அவுஸ்திரேலியாவுக்குச் சென்று திரும்பினார். கப்பலின் காந்தம் தென்பாதிக்குப் போகும்போது எவ்வாறு மாறுகிறது என்பதை வழிநெடுக அளந்தார். உச்சியில் வைத்த திசைகாட்டி உண்மைக்கு நெருக்கமாக நின்றது. அவர் சொன்னது சரியென்று கண்டுகொண்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் இறந்தார். பயண நூல் 1859இல் வெளியாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி, அவரைச் சுமந்து சென்ற அதே றோயல் சார்ட்டர் வேல்ஸ் நாட்டு ஆங்கில்சீ கரையில் புயலிற் சிக்கி உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குத் திசைகாட்டி காரணமல்ல.

ஸ்கோர்ஸ்பி சரி என்றால் எல்லாக் கப்பலும் உச்சியில் அல்லவா திசைகாட்டியை வைத்திருக்க வேண்டும்? வைக்கவில்லை. காரணம் எளிது. பார்ப்பதற்கு ஒருவர் கொம்பேற வேண்டும். அதைவிட, கப்பல் சிறிது புரண்டாலும் உச்சி பெரிதாக வீசும். அந்த வீச்சில் ஊசி நிலைகொள்ளாமல் ஆடும். காந்தத்துக்கு உகந்த இடம் அசைவுக்கு உகாத இடமாயிற்று. பின்வந்த கப்பல்கள் சிலவற்றில் ஒரு சமரசம் செய்தார்கள்: தளத்திலிருந்து ஒரு கம்பத்தை உயர்த்தி, அதன் முனையில் கருவியைப் பொருத்தினார்கள். அங்கே உயரமும் குறைவு, ஆட்டமும் குறைவு.

நெடுநாள் நிலைத்த தீர்வைத் தந்தவர் பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தொம்சன். அவர் 1870இல் லல்லா ரூக் என்ற 126 தொன் பாய்க்கப்பலைச் சொந்தமாக வாங்கியவர். கருவிகளைத் தாமே கடலிற் சோதித்தார். இக்கதையின் தொடக்கம் பத்திரிகைக்காரரான எம்மவருக்குப் பிடிக்கும். மாத இதழ் ஒன்றின் ஆசிரியர், திசைகாட்டி பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு தொம்சனிடம் கேட்டார். எழுத உட்கார்ந்தபோதுதான் கருவியில் இத்தனை குறைகளா என்று தொம்சனுக்கு உறைத்தது. முதற் பகுதி 1874இல் வெளிவந்தது. இரண்டாம் பகுதி வர ஐந்தாண்டுகள் சென்றன. இடையில் அவர் புதிய திசைகாட்டியையே செய்து 1876இல் காப்புரிமை பெற்றுவிட்டார். கட்டுரையைத் தாமதிப்பவர்கள் சொல்லும் காரணங்களில் இதைவிடச் சிறந்ததை நான் கேட்டதில்லை. எட்டுச் சிறு ஊசிகளைக் கொண்ட இலேசான வட்டு; கப்பலின் நடுக்கோட்டில் நிற்கும் பேழை; பேழைக்குள்ளே மாற்றியமைக்கக்கூடிய காந்தங்கள்; இருபுறமும் இரு இரும்புக் குண்டுகள். எயரியின் திருத்தமும் அதில் இருந்தது. அதை அடிக்கடி மாற்றவேண்டும் என்ற ஸ்கோர்ஸ்பியின் எச்சரிக்கைக்கும் இடம் இருந்தது. 1889இல் பிரித்தானியக் கடற்படை அதனைத் தன் நியமக் கருவியாக ஏற்றது.

எங்கள் கரையின் கப்பல்கள் இந்தத் தொல்லையைப் பெரிதாக அறியாதவை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சனால் வாங்கப்பட்டு, 1937இல் புறப்பட்டு 1938இல் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறையை அடைந்த அன்னபூரணி ஒரு மரக்கலம். மரக்கலத்தில் திசைகாட்டிக்கு இடம் தேடுவது இரும்புக் கப்பலில் போலத் தலைவலியன்று. நண்பரிடம் இதைச் சொன்னபோது, அன்னபூரணியின் தண்டையல்மாரைப் பற்றித் தம் பாட்டனார் சொன்ன கதைகளை அரை மணி நேரம் கூறினார். அன்ரனா விடயம் அன்று மறந்தே போயிற்று.

வானொலி அலைகளால் திசையறியும் காலத்தை விரைந்து கடக்கலாம். அதிலும் கப்பலின் உலோகமும் கம்பிவடங்களும் அலையை வளைத்தன. அதற்கும் கப்பலைச் சுற்றித் திருப்பிப் பிழைப் பட்டியல் தயாரித்தார்கள். கருவி மாறியது, வேலை மாறவில்லை.

இனி ஜி.பி.எஸ். முதற் செய்மதி 1978 பெப்ரவரியில் ஏவப்பட்டது. 1983 செப்டெம்பர் முதலாந் திகதி தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழிதவறிச் சோவியத் வான்பரப்பிற் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தபின், இச்சேவை பொதுமக்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என அமெரிக்க சனாதிபதி றீகன் அறிவித்தார். 1995இல் முழு அமைப்பும் இயங்கும் நிலைக்கு வந்தது. செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தை அறிவித்தபடி இருக்கிறது. குறைந்தது நான்கு செய்மதிகளின் சைகைகள் வந்துசேர எடுத்த நேரத்தைக் கருவி கணித்து இடத்தைச் சொல்கிறது. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் 300 மீற்றர் பிழைக்கும்.

வந்துசேரும் சைகையோ மிக மெலிந்தது. ஒரு வாற் மின்வலுவைக் கோடி பங்காக்கி, அதிலொன்றை மறுபடியும் கோடி பங்காக்கி, அதிலொன்றையும் நூறாக்கினால் கிடைக்கும் அளவு. இதைக் கேட்டவுடன் சாதாரண மனிதருக்குத் தோன்றுவது: அப்படியானால் உயரத்தில் வை. கடைக்காரர் சொன்னதும் அதுவே. படகுகளில் பேசப் பயன்படும் வி.எச்.எப். வானொலியின் அன்ரனா உச்சியில்தான் இருக்கிறது. அதற்கு நியாயமுண்டு. அந்த அலை நேர்கோட்டில் செல்வது, பூமி வளைந்தது, உயரம் கூடினால் தூரம் கூடும். ஆனால் செய்மதி தலைக்கு மேலே 20,200 கிலோமீற்றரில் நிற்கிறது. அதற்கு 15 மீற்றர் நெருங்கிப் போவதால் என்ன இலாபம்? ஜி.பி.எஸ். அன்ரனா கேட்பது தடையில்லாத வானம் ஒன்றுதான். பின்புறக் கம்பிவேலியிலும் வானம் தெரிகிறது. நைலோன், பொலியெஸ்டர் பாய்கள் இந்த அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை; கண்ணாடியிழை உடலும் தடுப்பதில்லை. கரிமயிழையாலான பாயும் தளமும் தடுக்கும், உலோகம் தடுக்கும்.

உச்சியில் வைத்தால் நட்டமும் உண்டு. ஒரு சிறு கணக்கு. 15 மீற்றர் உயரப் பாய்மரம். படகு இருபக்கமும் 15 பாகை புரள்கிறது. ஒரு முழுப் புரளலுக்கு ஆறு செக்கன். உச்சி ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய நான்கு மீற்றர் வீசும். நடுநிலையைக் கடக்கும்போது அதன் வேகம் செக்கனுக்கு நான்கு மீற்றர். அதாவது எட்டு நொட். படகு முன்னோக்கிப் போவதோ ஐந்தாறு நொட்! கருவிக்குப் படகு தெரியாது, அன்ரனாவைத்தான் தெரியும். உச்சியின் ஊஞ்சலாட்டத்தைப் படகின் ஓட்டமென்று எண்ணி, வேகத்தையும் செல்லும் திசையையும் மாற்றி மாற்றிச் சொல்லும். அதை நம்பித் தன்னியக்கச் சுக்கான் ஓடினால் படகு குடிகாரனைப்போல் நடக்கும். ஸ்கோர்ஸ்பியின் உச்சித் திசைகாட்டிக்கு நேர்ந்த அதே கதி.

இதில் வரலாற்று வேடிக்கை ஒன்றுண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை பொதுமக்களுக்கான சைகையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. இடம் 100 மீற்றர் வரை தவறலாம். அந்தச் சேற்றில் நான்கு மீற்றர் ஊஞ்சல் யார் கண்ணுக்குத் தெரியும்? கிளின்ரன் நிருவாகம் அதை நீக்கிய பின்னரே, சில மீற்றர்கள் பேசத்தக்க அளவாயின. அன்ரனா எங்கே இருக்கிறது என்பதும் அப்போதுதான் பொருட்படுத்தத்தக்க கேள்வியாயிற்று. உச்சியில் வேறு தொல்லைகளும் உண்டு. மேலிருந்து கீழே வரும் நீண்ட வடத்தில் சைகை மேலும் மெலியும். பக்கத்தில் நிற்கும் வி.எச்.எப். அன்ரனா 25 வாற் வலுவில் முழங்கும். கடலின் முகத்தில் பட்டுத் தெறித்து வரும் சைகை, உயர நின்ற அன்ரனாவுக்கு அதிகம் தாமதித்து வந்து கணக்கைக் குழப்பும். இடி விழுந்தால் முதலில் போவதும் அதுவே. டோவர் கப்பலை நினைவுகொள்க.

அப்படியானால் கீழே எங்கு வேண்டுமானாலும் வைக்கலாமா? றோயல் மஜெஸ்டி கப்பலின் கதை இதற்கு விடை.

1995 யூன் 9ஆம் திகதி நண்பகல் இந்த உல்லாசப் பயணக் கப்பல் பெர்முடாவிலிருந்து பொஸ்டனுக்குப் புறப்பட்டது. பணியாளர் உட்பட 1,509 பேர். அதன் ஜி.பி.எஸ். அன்ரனா முன்னர் ராடர் கம்பத்தில் இருந்தது. சில மாதங்களுக்கு முன்னர் மாலுமியறைக்கு மேலுள்ள திறந்த தளத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. வடம் தளத்தின் மேலே வெளிப்படையாகக் கிடந்தது. நடப்பவர் காலில் தட்டுப்படும்படி. அதன்மேல் வர்ணமும் பூசியிருந்தார்கள். கப்பல் புறப்பட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வடம் அன்ரனாவிலிருந்து கழன்றுவிட்டது. கருவி ஒரு செக்கன் அளவு மெல்லக் கீச்சிட்டது. பின்னர் செய்மதியை விட்டு, பழைய வேகமும் திசையும் கொண்டு இடத்தை ஊகிக்கும் முறைக்குத் தானே மாறிக்கொண்டது. திரையின் மூலையில் இரண்டு மூன்று சிற்றெழுத்துகள் அதைச் சொல்லின. எவரும் பார்க்கவில்லை. தன்னியக்கச் சுக்கான் அந்த ஊகத்தை உண்மையென்று எடுத்துக்கொண்டு ஓட்டியது. காற்றும் நீரோட்டமும் கப்பலை மெல்ல மேற்கே தள்ளின.

முப்பத்துநான்கு மணித்தியாலங்கள் இப்படி ஓடிற்று. லொரான் என்ற மற்றொரு கருவி சரியான இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது; அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆழமானியின் எச்சரிக்கை அளவு பூச்சியத்தில் விடப்பட்டிருந்தது. ராடரில் தெரிந்த ஒரு மிதவையைத் தாம் எதிர்பார்த்த மிதவை என்றே பிரதான அதிகாரி எண்ணிக்கொண்டார். அடுத்த மிதவை தெரியவில்லை. தெரிந்தது என்று இரண்டாம் அதிகாரி கப்டனிடம் சொன்னார். அருகே இருந்த மீன்பிடிப் படகுகள் வானொலியில் கூப்பிட்டுப் பார்த்தன. 10ஆம் திகதி இரவு 10 மணி 25 நிமிடத்துக்கு நான்டுக்கெற் தீவுக்குக் கிழக்கே ஏறத்தாழப் பத்து மைலில் உள்ள மணல்மேட்டில் கப்பல் தரைதட்டியது. போகவேண்டிய பாதையிலிருந்து 17 மைல் விலகியிருந்தது. நல்வேளையாக யாருக்கும் காயமில்லை. சேதமும் இழந்த வருமானமும் சேர்ந்து ஏறத்தாழ 70 இலட்சம் டொலர்.

அதிகாரிகளின் அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடலாம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அப்படி முடிக்கவில்லை. கருவியின் மேல் வைத்த அளவுமீறிய நம்பிக்கையை முதலிடத்தில் வைத்தது. வடம் கிடந்த கிடையையும் அறிக்கையில் எழுதியது. என் கருத்து, இந்த விபத்து டெய்லர் விபத்தின் உடன்பிறப்பு என்பதே. டெய்லரின் கப்டனுக்குத் திசைகாட்டிகள் முரண்படுவது தெரிந்திருந்தது. எது உண்மை என்பது தெரியவில்லை. றோயல் மஜெஸ்டியில் இரு கருவிகள் முரண்பட்டன. முரண்பாடே யாருக்கும் தெரியவில்லை. முன்னேற்றம் என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அயலவரின் அன்ரனாவும் கெடுக்கலாம். 2001இல் கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங் துறைமுகத்தில் படகுகளின் ஜி.பி.எஸ். கருவிகள் காரணமின்றிக் கண் மூடின. மொன்டறேயிலுள்ள கடற்படைப் பட்டமேற்படிப்புக் கல்லூரியைச் சேர்ந்தோர் தேடி அலைந்து கண்டுபிடித்தது, படகுகளிலிருந்த தொலைக்காட்சி அன்ரனாக்களை. உள்ளே இருந்த சைகைப் பெருக்கி பழுதுற்று, அதே அலைவரிசையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஒன்றைக் கண்டு நிறுத்தியபின்னும் தொல்லை தீரவில்லை. மொத்தம் மூன்று இருந்தன. யாரோ ஒருவர் தம் படகில் தொலைக்காட்சி பார்த்ததன் விலையைத் துறைமுகம் முழுவதும் கொடுத்திருக்கிறது.

2013 யூனில் நடந்தது வேறு வகை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரொட் ஹம்ஃப்ரீஸ் குழுவினர், உரிமையாளரின் சம்மதத்தோடு, 65 மீற்றர் நீள வைற் றோஸ் ஒவ் டிராக்ஸ் என்ற உல்லாசக் கப்பலில் மத்தியதரைக் கடலிற் சென்றனர். மேற்தளத்தில் நின்றபடி ஒரு சிறிய பெட்டியிலிருந்து பொய்ச் சைகைகளைக் கப்பலின் அன்ரனாக்களை நோக்கி அனுப்பினர். எந்த எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. மாலுமிகள் திருத்தம் செய்வதாக எண்ணிக் கப்பலைத் தாங்களே திருப்பினர். போர் நடக்கும் கடல்களை அடுத்து ஓடும் வணிகக் கப்பல்களுக்கு இது பின்னர் அன்றாடத் தொல்லையாயிற்று. அதற்கு அன்ரனாவின் இடத்தை மாற்றுவது மருந்தாகாது.

இத்தனையும் நண்பருக்குச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார் என்று சொல்வதற்கில்லை. "முடிவைச் சொல்லும்" என்றார். பின்புறக் கம்பிவேலி, ஆள் பிடித்து ஏறாத மூலை, வி.எச்.எப். அன்ரனாவிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி, ராடர் இருந்தால் அதன் கதிர்வீச்சுக்குக் கீழே, வடத்தைக் குழாய்க்குள் விட்டு, இணைப்பை நீர் புகாமற் சுற்றி. அவ்வளவுதான். அவர் அப்படியே செய்தார். இரண்டு மணித்தியால வேலையாம். பாய்மரத்தில் ஏற வேண்டியிராததில் அவருடைய மனைவிக்குத் தான் மிகுந்த ஆறுதல்.

ஒரு மாதத்தின்பின் மீண்டும் அழைத்தார். ஜி.பி.எஸ். சொல்லும் திசையும் சுக்கானுக்கு முன்னாலுள்ள பழைய திசைகாட்டி சொல்லும் திசையும் ஒத்துவரவில்லையாம். இருபது பாகைக்கு மேல் வித்தியாசமாம். அப்பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலான விலக்கம் பத்துப் பாகை அளவு இருக்கும், அதைக் கழித்துப் பார்க்கச் சொன்னேன். கழித்தும் பார்த்துவிட்டாராம். புதிய அன்ரனாதான் பழுது என்பது அவருடைய தீர்ப்பு. திசைகாட்டிக்கு அருகே புதிதாக ஏதாவது வைத்தீரா என்று கேட்டேன். இல்லை என்றார். சிறிது நேரம் மௌனம். பிறகு, பாட்டுக் கேட்பதற்காக இரண்டு ஒலிபெருக்கிகளை அதன் இருபுறமும் பூட்டியதாகச் சொன்னார். ஒலிபெருக்கி ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு காந்தம் இருக்கிறது.